அருவருப்பு, வெட்கம், முரல் மீன்

முரல் வெட்டிப் பழகின ஆக்களுக்கு இந்தச் சீவனைத் தெரிஞ்சிருக்கும். செவுள் மூடியைத் தூக்கினால் உள்ளுக்க, வெளிறின நிறத்தில, பகுதி பகுதியா ஓடு போட்ட உடம்போட, கொக்கி மாதிரி வளைஞ்ச காலால பிடிச்சுக்கொண்டு இருக்கும். சில நேரம் பக்கத்தில இன்னும் சின்னதா ஒண்டு. நாங்கள் "சீ, பூச்சி" எண்டு எடுத்து எறிவம். சிலர் மீனையே எறிவினம். சந்தையில ஒருத்தர் கூறுக்குள்ள இருந்து ஒரு மீனைத் தூக்கி "இதுக்குள்ள புழுவெல்லோ" எண்டு கத்தினால் அந்தக் கூறின் விலை அதோட விழுந்திடும். நட்டம் விடியமுன்னம் எழும்பி வந்து மீன் விக்கிற அம்மாவுக்குத்தான்.

இந்தக் கட்டுரை அந்தச் சீவனைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அதுவும் அதன் சொந்தக்காரரும் எப்படி முட்டை இடுகின்றன என்பதைப் பற்றியது. உலகத்தில எழுத வேற விசயம் இல்லையா எண்டு கேட்பீங்கள். இருக்கு. ஆனால் இதை எழுதாமல் விடுறதுக்குப் பின்னால ஒரு பெரிய விசயம் இருக்கிறதா நான் நினைக்கிறன்.

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கடலை நம்பி வாழ்கிற நாங்கள், இரண்டு காரணங்களால் எங்கட கடலைப் படிக்காமல் விடுகிறோம். ஒன்று அருவருப்பு. ஒட்டுண்ணி எண்டால் முகத்தைத் திருப்புறம். மற்றது வெட்கம். இனப்பெருக்கம் எண்டால் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புறம். ஒட்டுண்ணியின் இனப்பெருக்கம் எண்டு இரண்டும் சேர்ந்து வந்தால் கதை முடிஞ்சுது. ஆனால் மீனையும் மீனவரின் வருமானத்தையும் காப்பாற்ற உதவுற அறிவு அந்த இரண்டும் சேருற இடத்தில தான் இருக்கு.

இறாலின் சொந்தம்

முதலில் பயத்தைத் தீர்ப்போம். முரல் செவுளில் இருக்கிறது புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. இறால், நண்டு எல்லாம் சேர்ந்த கிறஸ்டேசியா கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்குள் ஐசொப்பொட் எனப்படும் வரிசை. அந்த வரிசையில் மீனில் மட்டுமே வாழப் பழகிய குடும்பம் சைமோதொயிடே. இந்து சமுத்திரத்து முரல்களின் செவுளில் இருப்பவை பெரும்பாலும் மோதோசியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. மனிதரில் இது ஒட்டி வாழாது. மீனைக் கழுவி, செவுளை எடுத்து, சமைத்துச் சாப்பிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. இறால் கறியை ருசிச்சுச் சாப்பிடுற நாங்கள், இறாலின் ஒரு தூரத்துச் சொந்தத்தைக் கண்டு மீனை எறியிறது கொஞ்சம் வேடிக்கைதான்.

இணையத்தில் "மீனின் நாக்கைத் தின்று நாக்காகவே மாறும் பிராணி" எண்டு ஒரு படம் சுத்துறதைப் பார்த்திருப்பீங்கள். அது இதே குடும்பம். சைமோதோவா எக்சிகுவா என்ற அந்த இனம் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரைக்குரியது. அது மீனின் நாக்கு சிதைஞ்ச பிறகு நாக்கின் இடத்தில் இருந்து நாக்கின் வேலையையும் பார்க்கிறது எண்டு 1983இல் புருஸ்காவும் கில்லிகனும் எழுதினார்கள். அந்த ஒரு இனத்தின் கதையை வைச்சு முழுக் குடும்பத்தையும் பயங்கரப் படமாக்கியாச்சு. உண்மையான ஆச்சரியம் அதன் வாயில் இல்லை, வயிற்றுப் பக்கத்தில் இருக்கு.

முதலில் ஆண், பிறகு பெண்

இந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஆணாகத்தான் தொடங்குகிறார்கள். உடலுக்குள் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இனப்பெருக்க உறுப்புத் தொகுதி இருக்கும். அதில் மூன்று விந்தகப் பகுதிகளும், கூடவே இன்னும் வளராத ஒரு சூலகமும் ஒன்றாகவே இருக்கின்றன. முதலில் விந்தகம் வேலை செய்கிறது. விந்து போகும் குழாய் ஏழாவது மார்புப் பகுதியின் அடியில் திறக்கும். வயிற்றுப்புறத்து இரண்டாவது நீச்சல் காலில் புணர்ச்சிக்கு உதவும் ஒரு சின்னக் குச்சியும் உண்டு.

ஒரு மீனின் செவுளுக்கு முதலில் வந்து சேருறது, தோல் கழற்றித் தோல் கழற்றிப் பெண்ணாகிறது. விந்தகம் சுருங்க, அதுவரை காத்திருந்த சூலகம் பெருக்கிறது. முட்டை வெளிவரும் வாசல் ஐந்தாவது காலடியில். பிறகு வந்து சேருறது, ஏற்கெனவே அங்க ஒரு பெண் இருக்கிறதால ஆணாகவே நிக்கும். நீங்கள் செவுளில் பார்க்கிற பெரிசும் சின்னனும் தாயும் பிள்ளையும் இல்லை, பெண்ணும் ஆணும். பெண் எந்தப் பக்கச் செவுளில் இருக்கோ அதுக்கேற்ற மாதிரி உடம்பு ஒரு பக்கம் கோணி வளர்ந்திருக்கும். இடப்பக்கச் செவுளில் இருந்ததா, வலப்பக்கமா எண்டு கழற்றி எடுத்த பிறகும் அந்தக் கோணலைப் பார்த்துச் சொல்லலாம்.

முட்டைக் காலம் வரும்போது பெண்ணின் கால்களின் அடியிலிருந்து மெல்லிய தட்டுகள் வளரும். அவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மார்பின் அடியில் ஒரு பை ஆகிவிடும். எங்கட பாடப்புத்தகத்தில கங்காருவுக்குப் பை இருக்கிறதைப் படிக்கிறம். இங்க சந்தையில கிடைக்கிற முரலுக்குள்ள ஒரு பைக்காரி இருக்கிறா. முட்டைகள் கடலில் விழுவதில்லை. அந்தக் குஞ்சுப்பைக்குள் வந்து, அங்கேயே பொரித்து, தாயின் மடியிலேயே தோல் கழற்றி வளர்கின்றன. இனத்தையும் தாயின் பருமனையும் பொறுத்து சில பத்துகளிலிருந்து பல நூறுகள் வரை இருக்கும். வெளியே வரும்போது குஞ்சுக்குப் பெரிய கண், நீந்த ஏற்ற மயிர்கள், ஆறு சோடி மார்புக்கால்கள். வளர்ந்ததுக்கு ஏழு சோடி. அந்த ஏழாவது சோடி இல்லாத குறையால் விஞ்ஞானிகள் இந்தப் பருவத்துக்கு "குறையுள்ளது" என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து மங்கா என்று பெயர் வைத்தார்கள். யப்பான் சித்திரக்கதைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

மங்காவுக்கு நேரம் குறைவு. தாய் கட்டிக்குடுத்த மஞ்சட்கரு தீர முன்னம் ஒரு மீனைப் பிடிக்கோணும். கிடைச்சால் வாழ்வு, இல்லாட்டி இல்லை.

மூன்று விதமான தாய்கள்

மீனில் வாழ்கிற கிறஸ்டேசியா ஒட்டுண்ணிகள் எல்லாம் இப்படித்தான் எண்டு நினைக்க வேண்டாம். முட்டையை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு கூட்டமும் வேற வேற பதில் வைச்சிருக்கு.

ஐசொப்பொட் முட்டையை மடியில் வைத்திருக்கிறது. கொப்பிப்பொட் முட்டையைப் பின்னால் தொங்க விடுகிறது. கலிகஸ் போன்ற கொப்பிப்பொட்களில் சூலகங்கள் முன்பக்கத்தில், தலையோடு சேர்ந்த பகுதியில் இருக்கும். அங்கிருந்து குழாய்கள் பின்னுக்கு வந்து, இனப்பெருக்கப் பகுதி எனப்படும் பெருத்த இடத்தில் மடிந்து மடிந்து முட்டைகளைச் சேர்த்து வைக்கும். பக்கத்திலுள்ள பசைச் சுரப்பி முட்டைகளைச் சுற்றி உறை கட்டும். வெளியே வரும்போது காசுகளை அடுக்கிக் கோர்த்த மாதிரி இரண்டு முட்டைச்சரங்கள். ஆண் தன் விந்தைச் சிறு பைகளில் அடைத்துப் பெண்ணின் வாசலில் ஒட்டிவிடும். பெண் அதை வைச்சே ஒரு சோடிச் சரத்துக்குப் பிறகு இன்னொரு சோடி எண்டு விட்டுக்கொண்டே இருக்கும்.

கொப்பிப்பொட்களிலேயே இன்னொரு குடும்பம் இன்னும் தூரம் போய்விட்டது. பெனெல்லிடே என்ற அந்தக் குடும்பத்தில் புணர்ச்சி முடிந்த பிறகு பெண் மட்டுமே கடைசி மீனைத் தேடிப் போகும். போய்த் தலையை மீனின் சதைக்குள் நங்கூரம் போலப் புதைத்து, உடம்பு நூலாக நீண்டு, கால், கண் எல்லாம் பொருளற்றுப் போய், கிட்டத்தட்ட ஒரு முட்டை செய்யும் குழாயாகவே மாறிவிடும். மீனின் தோலிலிருந்து நூல் தொங்குற மாதிரிக் கண்டிருந்தால், அது பெரும்பாலும் இப்படி ஒரு தாய்.

மூன்றாவது ஆர்குலஸ். மீன்பேன் எண்டு சொல்லப்படுறது. இது முட்டையைச் சுமக்கவே மாட்டுது. முட்டை முற்றியதும் பெண் மீனை விட்டு இறங்கி நீந்திப் போய், கல்லிலோ கட்டையிலோ நீர்ச்செடியிலோ வரிசை வரிசையாக ஒட்டிவிட்டு, பிறகு திரும்ப மீன் தேடும்.

மடியில் ஒன்று, சரத்தில் ஒன்று, கல்லில் ஒன்று. இந்த வித்தியாசம் பரீட்சைக்குப் பாடமாக்குற தகவல் மட்டுமில்லை.

இதைத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?

எங்கட ஆக்கள் கனபேர் நோர்வேயில இருக்கினம். எண்பதுகளில், தொண்ணூறுகளில் போனவை பலர் வடக்கில் மீன் தொழிற்சாலைகளில வேலை செய்தவை. அந்த நாட்டின் பெரிய வருமானங்களில் ஒன்று கடலில் கூடு போட்டு வளர்க்கிற சால்மன் மீன். அந்தத் தொழிலின் பெரிய தலையிடி ஒரு கொப்பிப்பொட். அதைக் கட்டுப்படுத்த நோர்வே அரசு போட்ட சட்டத்தைப் பாருங்கோ: ஒரு பண்ணையில் மீனொன்றுக்குச் சராசரியாக 0.5 வளர்ந்த பெண் பேனுக்கு மேல் இருக்கக் கூடாது. காட்டுச் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் வசந்தகால வாரங்களில் 0.2. கவனியுங்கோ, சட்டத்தின் அந்த எல்லை பெண்ணை வைத்துத்தான். ஏனெண்டால் நூற்றுக்கணக்கான முட்டைகளுள்ள இரண்டு சரங்களைத் தொங்கவிடுறது அவதான். ஒரு பெண்ணை எண்ணாமல் விட்டால் நாளைக்குப் பக்கத்துக் கூடு முழுக்கப் பரவும். கோடிக்கணக்கான பணம் புரளும் ஒரு தொழில், ஒரு சின்னச் சீவனின் இனப்பெருக்க உடலமைப்பைத் தெரிஞ்சு வைச்சிருக்கிறதில தங்கி நிக்குது.

ஆர்குலஸின் கதை இன்னும் எளிமையானது. அது கல்லையும் கட்டையையும் தேடி முட்டை இடுகிறது எண்டு தெரிஞ்ச பிறகு, மீன் வளர்ப்பவர்கள் குளத்துக்குள் பலகைகளையும் மூங்கில்களையும் தொங்க விட்டார்கள். ஆர்குலஸ் வந்து அதில முட்டை இடும். சில நாளைக்கு ஒருக்கால் எடுத்துக் காயப்போட்டாலோ சுரண்டினாலோ முட்டை அழிஞ்சுபோகும். நஞ்சு ஊத்தத் தேவையில்லை. முட்டை எங்கே இடுது எண்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சதால வந்த வைத்தியம் அது. இதையே ஐசொப்பொட்டுக்குச் செய்தால் பலிக்காது, அது முட்டையை மடியில வைச்சிருக்கு.

எங்கட பக்கத்துக்கு வருவம். தீவகத்தில் கடலட்டைப் பண்ணைகள் வந்துவிட்டன. யாருக்குக் கடல், யாருக்கு இலாபம் எண்ட கேள்விகளும் கூடவே வந்திருக்கு. அடுத்தது கொடுவா மீன் கூடுகள் எண்டு சொல்லுறதும் காதில விழுது. கொடுவா வளர்ப்பில் இந்த ஒட்டுண்ணிகள் என்ன செய்யும் என்பதற்குப் பாக்கு நீரிணைக்கு அங்கால, தமிழ்நாட்டுக் கரையிலேயே சாட்சி உண்டு. வளர்ப்புக் கொடுவாக் குஞ்சுகளில் சைமோதோவா இண்டிகா தொற்றியதைப் பற்றிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. திறந்த கடலில் மங்காவுக்கு மீன் கிடைக்கிறது அதிர்ஷ்டம். கூட்டுக்குள்ள பத்தாயிரம் மீனை நெருக்கி வைச்சால் அதுக்கு விருந்து. நாளைக்கு யாரோ ஒரு கொம்பனி வந்து கூடு போடச் சொல்லிக் கடன் தரும்போது, "பேன் வந்தால் என்ன செய்யிறது, யார் நட்டத்தைப் பொறுக்கிறது?" எண்டு கேட்கத் தெரிஞ்ச ஒரு பெடியனோ பெட்டையோ ஊருக்குள்ள இருக்கோணும். அதுக்காகவாவது இதைப் படிக்கோணும்.

யார் படிச்சவை, எதுக்காக?

எங்கட கடலின் ஒட்டுண்ணிகளை ஒருத்தரும் பார்க்கவில்லை எண்டில்லை. 1902இல் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு ஏன் வீழ்ந்தது எண்டு ஆராயப் பிரித்தானிய ஆட்சியின் அழைப்பில் ஹெர்ட்மன் என்ற பேராசிரியர் வந்தார். 1903 முதல் 1906 வரை வெளிவந்த அவருடைய பெரிய அறிக்கைத் தொகுதிகளில் ஒட்டுண்ணிகளுக்கு நல்ல இடம். காரணம், சிப்பிக்குள் போன நாடாப்புழுக் குஞ்சைச் சுற்றித்தான் முத்து உருவாகிறது எண்டு அப்போது நம்பினார்கள். அந்தக் கருத்து பிறகு கைவிடப்பட்டது. ஆனால் பாருங்கோ, முத்து கிடைக்கும் எண்டால் புழுவும் அருவருப்பில்லை. அந்தத் தொகுதிகளிலேயே ஹெர்ட்மன் சேகரித்த கொப்பிப்பொட்களைப் பற்றித் தொம்சனும் ஸ்கொட்டும் எழுதிய பகுதியும் இருக்கு.

பிறகு எங்கட நாட்டவரே ஒருவர் வந்தார். பராக்கிரம கீர்த்திசிங்க 1932இலிருந்து இலங்கை மீன்களின் கொப்பிப்பொட் ஒட்டுண்ணிகளைப் பற்றித் தொடர்ச்சியாக எழுதினார். 1964இல் எல்லாவற்றையும் திரட்டி ஒரு மீளாய்வு வெளியிட்டார். அவர் 1932இல் பெயரிட்ட ஒன்று லேர்னியெனிகஸ் ஹெமிராம்பி. பெயருக்குள்ளேயே ஹெமிராம்பஸ் இருக்கு, அதாவது கீழ்ச்சொண்டு மட்டும் நீண்ட முரல். நாங்கள் சொதி வைக்கிற மீனின் ஒட்டுண்ணிக்கு, விஞ்ஞானத்தில் தொண்ணூறு வருசத்துக்கு முன்னமே பெயர் வைச்சாச்சு. தமிழில் அதைச் சொல்ல இன்னும் எங்களிட்ட வசனம் இல்லை.

அக்கரையில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அந்தக் கரையின் ஐசொப்பொட்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கேரளத்தின் மலபார் கரையில் முரல் செவுளின் மோதோசியா ரெனார்டியைப் பிடித்து, அதன் குஞ்சுப்பை, மங்கா எல்லாம் படிப்படியாகப் பார்த்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் இந்தக் கரையில் மீன்பிடிக்கவே நேரக்கட்டுப்பாடு, தூரக்கட்டுப்பாடு. கடலுக்குப் போனவர் திரும்பி வருவாரா எண்ட கேள்விக்கு முன்னால செவுளைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? போர் எங்களிடமிருந்து எடுத்தவற்றின் பட்டியலில் இதையும் சேர்க்கலாம். ஆனால் 2009க்குப் பிறகும் நாங்கள் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை எண்டால், அதுக்குப் போரை மட்டும் காரணம் சொல்ல ஏலாது.

வகுப்பறையின் வெட்கம்

இனப்பெருக்கம் எண்ட பாடம் வந்ததும் "அதை வீட்டில வாசியுங்கோ" எண்டு கடந்து போன வகுப்புகளை எங்களில கனபேர் கண்டிருக்கிறம். பெடியள் சிரிப்பினம், பெட்டையள் குனிவினம், ரீச்சர் அடுத்த அலகுக்குப் போயிடுவா. அந்த வெட்கத்தில் பிள்ளைகள் தங்கள் உடம்பைப் பற்றித் தெரிஞ்சுகொள்ளாமல் போறது எவ்வளவு ஆபத்து எண்டு வேற கட்டுரைகளில் பேசியிருக்கிறம். நான் சொல்ல வாறது இன்னொரு நட்டம்: கடலை அறிஞ்ச வீட்டுப் பிள்ளை, தனக்குத் தெரிஞ்ச மீனிலிருந்து உயிரியலுக்குள் நுழையக்கூடிய வாசலும் அதோட சேர்த்தே பூட்டப்படுகுது. சூலகம், விந்தகம், புணர்ச்சி, கருக்கட்டல், குஞ்சு வளர்ச்சி எல்லாவற்றையும் ஒரு முரல் மீனும் ஒரு கைவில்லையும் வைச்சுத் தொடங்கலாம். அதைப் பார்த்துச் சிரிக்க ஒண்டும் இல்லை, பார்க்கத்தான் நிறைய இருக்கு.

ஆண் பெண்ணாகிற விசயத்தையும் ஒளிக்காமல் சொல்லிக் குடுக்கோணும். "ஆண் ஆண்தான், பெண் பெண்தான், அதுதான் இயற்கை" எண்டு மேடையில முழங்குறவைக்கு, எங்கட சந்தையிலேயே கூறு போட்டு விக்கிற மீனுக்குள்ள இருக்கிற இயற்கை வேற சொல்லுது. அதே நேரம், ஒரு ஒட்டுண்ணியைக் காட்டித்தான் மனிதரின் உரிமையை நிறுவ வேணும் எண்டும் நான் சொல்ல மாட்டன். திருநங்கைகளும் திருநம்பிகளும் மதிப்போட வாழ இந்தச் சீவனின் சாட்சி தேவையில்லை. அவை மனிதர் எண்டது போதும். ஆனால் இயற்கையின் பெயரால் பொய் சொல்லி ஒருத்தரை ஒதுக்கினால், அந்தப் பொய்யைப் பொய் எண்டு சொல்ல உயிரியல் தெரிஞ்சிருக்க வேணும்.

என்ன செய்யலாம்?

பெரிய ஆய்வுகூடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலாவது, சந்தையில் வாயைத் திறவுங்கோ. யாராவது "புழு" எண்டு கத்தினால், "அது இறாலின்ர சொந்தம், எடுத்துப் போட்டுச் சமைக்கலாம்" எண்டு பக்கத்தில நிண்டு சொல்லுங்கோ. மீன் விக்கிற அம்மாவின் அன்றைய வருமானத்துக்கு அது உதவும்.

இரண்டாவது, எழுதி வையுங்கோ. வீட்டுக்கு வாற முரலில் எத்தனையில் இருந்தது, இடச்செவுளா வலச்செவுளா, தனியவா சோடியா, பெண்ணின் மடியில் முட்டை இருந்ததா, எந்த மாதம், எந்தக் கரை. கைத்தொலைபேசியில ஒரு படம். ஓரா, பாரை, விளை, சூடை எண்டு மற்ற மீன்களிலும் பாருங்கோ. ஒரு வருசம் பத்துப் பேர் செய்தால், எந்த மாதத்தில் முட்டைக்காரிகள் கூட எண்டு எங்களுக்கே தெரிய வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி விஞ்ஞானம் படிக்கிற நண்பர்கள் உங்களுக்குள்ளேயே இருப்பினம். அவையிட்ட குடுத்தால் எந்த இனம் எண்டு பார்த்துச் சொல்ல ஒரு தொடக்கம் கிடைக்கும்.

மூன்றாவது, சொற்கள். நெடுந்தீவில், நயினாதீவில், ஊர்காவற்றுறையில் வலை இழுக்கிற அப்புமாரிடமும் மீன் வெட்டுற ஆச்சிமாரிடமும் இதை என்னெண்டு கூப்பிடுறது எண்டு கேளுங்கோ. நான் இங்கே குஞ்சுப்பை, முட்டைச்சரம் எண்டு எழுதியிருக்கிறன். அவையிட்ட இதைவிட நல்ல சொல் இருந்தால் என்ரையைத் தூக்கி எறிஞ்சுபோட்டு அதை எடுங்கோ.

அடுத்த முறை முரல் வாங்கினால் செவுளை எடுத்து எறிய முன்னம் ஒருக்கால் தூக்கிப் பாருங்கோ. உள்ளுக்க பெரிசா ஒண்டு இருந்தால் மெதுவாத் திருப்பி மார்பின் அடியைப் பாருங்கோ. தட்டுகளுக்கு இடையால மஞ்சளா முட்டை தெரிஞ்சால், அல்லது கறுப்புக் கண்ணோட குஞ்சுகள் அசைஞ்சால், வீட்டில இருக்கிற சின்னனுகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கோ.